முடுக்கு வழியே வந்த கடல்

சலாபத்துறை ஊருக்குள் கடல் வந்தது ஒரு புதன்கிழமை, சாயங்காலத்து அஸர் பாங்குக்குக் கொஞ்சம் முந்தி. வந்த கடல், டீக்கடைப் பெஞ்சுகளும் மோட்டார் சைக்கிள்களும் வெள்ளைத் தொப்பிகளுமாக நிறைந்து கிடந்த அகலமான கடைத்தெருவை விட்டுவிட்டு, வீடுகளின் பின்வாசல்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிற, பெண்கள் மட்டுமே நடக்கிற முடுக்கு வழியாகத்தான் வந்தது. அதில் ஊரில் யாருக்கும் பெரிய ஆச்சரியம் இருக்கவில்லை. பெண்களைப் பார்க்க வருகிறவர்கள் வேறு எந்த வழியாக வருவார்கள்?

முதலில் பார்த்தவள் மிஸ்ரியா. புருஷன் மவுத்தான பிறகு வீட்டிலேயே இடியாப்பம் பிழிந்து ஓட்டல்களுக்கு அனுப்பி ஒரே மகளை வளர்த்தவள். மாவுச்சட்டி கழுவிய தண்ணீரைக் கொட்டப் பின்கதவைத் திறந்தவளின் முன்னால், கணுக்கால் ஆழத்துக்கு, பச்சையும் நீலமுமாக, ஓரத்தில் கொஞ்சம் நுரையோடு அது நின்றுகொண்டிருந்தது. வாசற்படியைத் தாண்டவில்லை, படியோரம் கழற்றிப் போட்டிருந்த செருப்பைக்கூட அசைக்கவில்லை. மிஸ்ரியா கையிலிருந்த கழுநீரைக் கொட்டாமல் சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வீடு தேடி வந்தவர்களிடம் சொல்வது போலவே சொன்னாள்.

"வாங்க. நாங்க வரலைன்னதும் நீங்களே வந்துட்டீஹளாக்கும்."

அவர்கள் அன்றைக்குப் போகவில்லை என்பது உண்மைதான். ஸஃபர் மாதத்துக் கடைசிப் புதனை அந்த ஊரில் ஒடுக்கத்துப் புதன் என்பார்கள். அன்று காலையில் மாவிலையில் குங்குமப்பூ மையால் சலாம் ஆயத்துகள் என்கிற குர்ஆன் வசனங்களை எழுதி, கழுவிக் குடித்து, தலை முழுகி, சட்டிச் சோறும் மீன் பொரியலும் கட்டிக்கொண்டு, முடுக்கு வழியே போய், முடுக்கு முடிகிற இடத்துக் கம்பிக் கிராதிக் கதவைத் தாண்டினால் தென்கரை. ஆம்பிளைகள் எவரும் அன்றைக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை என்பது எழுதாத சட்டம். பொழுது சாயும்வரை பெண்கள் அங்கே இருப்பார்கள். அந்த மாதத்தில் இறங்குகிற பலா முசீபத்தெல்லாம், பீடையெல்லாம் அலையோடு போய்விடும் என்று முன்னே இருந்தவர்கள் நம்பினார்கள். மிஸ்ரியாவும் அவள் வயதுக்காரிகளும் அதை நம்பினார்களா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவர்கள் கடலை நம்பினார்கள். கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் பிறந்து, கூப்பிடு தூரத்திலேயே பிள்ளை பெற்று, கூப்பிடு தூரத்திலேயே அடக்கமாகிற அந்தப் பெண்களுக்கு வருஷத்தில் கடல் அந்த ஒரு நாள்தான். மற்ற நாளெல்லாம் கிராதிக் கதவு பூட்டிக் கிடக்கும், அது சுவருக்கு அப்பால் கேட்கிற ஒரு சத்தம்.

அந்த வருஷம் பள்ளிவாசலுக்குத் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து புதிதாக வந்திருந்தார் ஷம்சுத்தீன் ஆலிம். அதட்டத் தெரியாத குரல் அவருக்கு. வெள்ளிக்கிழமை பயானில் அவர் சொன்னார்: மாதங்களில் பீடை மாதம் என்று ஒன்றில்லை, ஸஃபரில் கெட்ட சகுனம் இல்லையென்று ரசூலுல்லாஹ்வே சொல்லிவிட்டார்கள், நமக்கென்று கொடுக்கப்பட்டது இரண்டு பெருநாள், மூன்றாவதாக ஒன்றை நாமே மார்க்கத்துக்குள் கொண்டுவந்து வைக்க நாம் யார்? பெண்கள் பகுதியின் ஒலிபெருக்கியில் அதைக் கேட்ட மிஸ்ரியா, "சரியாத்தானே சொல்றாஹ" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். அன்றோடு மாவிலையை விட்டும் விட்டாள்.

ஆனால் ஜமாஅத் தலைவர் புஹாரி ஹாஜியாருக்கு, ஆலிம் நிறுத்திய இடத்தில் நிறுத்த மனமில்லை. சென்னையில் டைல்ஸ் வியாபாரம் பார்த்து, பிள்ளைகளிடம் கடையை விட்டுவிட்டு ஊர் திரும்பியவர். எதையும் விளிம்புவரை ஒட்டிப் பூசினால்தான் அவருக்குத் திருப்தி. பிறந்தநாள் கேக், புது வருஷ வாணவேடிக்கை, காதலர் தினம், ஒடுக்கத்துப் புதன் எல்லாவற்றையும் மார்க்கத்தில் இல்லாத புதுமை, பித்அத் என்று ஒரே நோட்டீஸில் வரிசையாகப் போட்டு, கடைசி வரியில், எந்த வீட்டுப் பெண்கள் அன்றைக்குக் கரைக்குப் போகிறார்களோ அந்த வீட்டு நிகாஹுக்கு ஜமாஅத் வராது என்று முடித்தார். கிராதிக் கதவுக்கு ஒரு புதுப் பூட்டும் வாங்கிப் போட்டார்.

நோட்டீஸை ஜமாஅத் மண்டபத்தில் ஊரைக் கூட்டி வாசித்தபோது, பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னாலிருந்து மிஸ்ரியாவின் குரல்தான் முதலில் வந்தது, அந்த ஊரில் அண்ணன் முறையில் கூப்பிடுகிற மாதிரி.

"ஹாஜியார் காக்கா, மினாரா கட்டி இருபத்தஞ்சு வருசமாச்சுன்னு போன மாசம் பந்தல் போட்டு ஊரைக் கூட்டினீஹளே, அது ரெண்டுல எந்தப் பெருநாள்?"

"அது ஜமாஅத் நிகழ்ச்சிம்மா."

"பேருதான் வேற. பிரியாணி ஒண்ணுதான்."

திரைக்குப் பின்னால் மட்டுமா சிரித்தார்கள், முன்னாலும் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அதுதான் ஹாஜியாருக்குத் தைத்தது. சிரிப்பின் சூட்டில் மிஸ்ரியா இன்னொன்றும் சொல்லிவைத்தாள்: "நாங்க வராட்டி கடல் சும்மா ஈக்குமா? எங்களைத் தேடிக்கிட்டு அதுவே வரும் பாருங்க."

சொல்லத்தான் சொன்னாள். வீட்டுக்கு வந்து மகள் ஃபாஹிமாவின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். அடுத்த மாதம் ஃபாஹிமாவுக்கு நிகாஹ். மாப்பிள்ளை துபாயிலிருந்து டிக்கெட் போட்டாயிற்று. அந்த ஊர் வழக்கப்படி வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை வந்து சேருவது பெண் வீட்டுக்கு என்பதால், மாடியில் புது அறைக்குச் சுண்ணாம்பு அடித்து அந்த வாசனைகூட இன்னும் போகவில்லை. ஆகவே புதன்கிழமை வந்தபோது மிஸ்ரியா கதவைச் சாத்திக்கொண்டு இடியாப்பம் பிழிந்தாள். அவள் போகாததால் அடுத்த வீடு போகவில்லை, அடுத்த வீடு போகாததால் முடுக்கே போகவில்லை. காத்துப் பார்த்த கடல், பூட்டிய கிராதியின் கம்பிகளுக்கு இடையே நுழைந்து, ஒவ்வொரு பின்வாசலாக எட்டிப் பார்த்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டது.

வந்த கடலை என்ன செய்வது என்பதில் முடுக்குக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. மறுநாளே மேலே போர்த்துகிற துப்பட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து நடக்கப் பழகிவிட்டார்கள். அம்மிக்கல்லை உள்ளே எடுத்து வைத்தார்கள். தவழுகிற பிள்ளைகளைக் கடலில் உட்கார்த்திவிட்டுப் பெண்கள் நிம்மதியாகச் சமைத்தார்கள், ஏனென்றால் அது பிள்ளைகளை இடுப்புக்கு மேல் நனைப்பதில்லை. காலையில் சாளை மீன்கள் கதவைத் தட்டாத குறையாக வந்து நின்றன. முடுக்கில் எந்த வீட்டிலும் அந்த நாட்களில் மீன்காரியைக் கூப்பிடவில்லை, மீன்காரியும் கோபித்துக்கொள்ளாமல் தன் கூடையோடு வந்து காலை நனைத்துவிட்டுப் போனாள். கடல் வாசற்படியைத் தாண்டாமல் இருந்ததில் எல்லோருக்கும் அதன் மேல் மரியாதை. நல்ல வீட்டுப் பிள்ளை என்றார்கள். அதில் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்யலாமா என்று ஒரு கேள்வி எழுந்து, ஒருத்தி தன் புருஷன் மூலமாகக் கேட்டு அனுப்ப, கடலின் தண்ணீர் சுத்தமானது, அதில் செத்ததும் ஹலால் என்று ஹதீஸ் இருக்கிறதே என்று ஷம்சுத்தீன் ஆலிம் பதில் சொல்லி அனுப்பினார். எங்கே இருக்கிற கடல் என்று அவரும் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை.

ஆம்பிளைகளுக்குத்தான் தொந்தரவாகிப் போயிற்று. அவர்கள் வீட்டுக்குள் உப்புக்காற்று அடிக்கிறது. சாப்பாட்டில் ருசி கூடியிருக்கிறது. பெண்டாட்டிமார் காரணமில்லாமல் சிரிக்கிறார்கள். படுத்தால் தலையணைக்குப் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கம், அலை மெல்ல வந்து போகிற சத்தம். ஆனால் பார்க்க முடியவில்லை. முடுக்கில் ஆம்பிளை கால் வைப்பதில்லை. கரண்டுக்காரரோ குழாய்க்காரரோ போயே தீரவேண்டுமென்றால் முனையில் நின்று, "ஆம்பளை வருது! ஆம்பளை வருது!" என்று குரல் கொடுத்துவிட்டு, பெண்கள் உள்ளே ஒதுங்க நேரம் விட்டுத்தான் நுழைய வேண்டும். ஊரின் மானமே அந்தக் குரலில் இருக்கிறது என்று சொல்லுவார்கள்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஜமாஅத்திலிருந்து புஹாரி ஹாஜியாரும் இன்னும் சிலரும் சேர்ந்து நேரில் பார்த்துவிடுவதென்று புறப்பட்டார்கள். முனையில் நின்று, நல்ல வீட்டில் பிறந்தவர்கள் செய்கிற மாதிரியே, "ஆம்பளை வருது!" என்று உரக்கக் குரல் கொடுத்தார்கள். பெண்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள். கடலும் கேட்டது, துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொள்கிற பெண்ணைப் போல நுரையை ஓரம் சேர்த்துக்கொண்டு, சத்தமில்லாமல் அடுத்த வளைவுக்குப் போய்விட்டது. அவர்கள் அந்த வளைவுக்கு வந்து குரல் கொடுத்தபோது அதற்கும் அடுத்த வளைவுக்குப் போயிற்று. முடுக்கு முழுக்க நடந்து, காய்ந்த மணலையும் ஒரு பூனையையும் மட்டும் பார்த்துவிட்டு, கிராதிக் கதவின் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, அவர்கள் வியர்த்து வடிய வெளியே வந்தார்கள். அவர்கள் முதுகு மறைந்ததும் அது பழைய இடத்துக்கு வந்து நின்றது.

அன்று மாலையே புஹாரி ஹாஜியார் ஆலிமையும் கூட்டிக்கொண்டு மிஸ்ரியாவின் வீட்டுக்கு வந்தார். முன்கூடத்தில் நாற்காலி போட்டார்கள். உள்வாசல் திரைக்குப் பின்னால் மிஸ்ரியா நின்றாள்.

"மிஸ்ரியா, முடுக்குல தண்ணி நிக்கிதுன்னு ஊரெல்லாம் பேச்சா ஈக்கிது."

"தண்ணி இல்ல காக்கா. கடல்."

"நாங்க போய்ப் பார்த்தோமே. ஒரு சொட்டு இல்ல."

"குரல் குடுத்துட்டு வந்தீஹ. அது ஒதுங்கிடுச்சு."

"கடல் ஒதுங்கிச்சா?"

"ஆம்பளை வருதுன்னா ஒதுங்காதா பின்னே? வெக்கம் மானம் உள்ளது."

ஆலிம் இருமினார். இருமலுக்குள் என்ன இருந்தது என்று ஹாஜியார் திரும்பிப் பார்த்தார்.

"அப்படின்னா இனி குரல் குடுக்காம வந்து பாக்கட்டா?"

"வாங்களேன். சலாபத்துறை முடுக்குல குரல் குடுக்காம நுழைஞ்ச முதல் ஆம்பளை ஹாஜியார்தான்னு பேரு ஈக்கட்டும்."

ஹாஜியார் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, வந்த காரியத்தைச் சொன்னார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் மண்டபத்துத் திரைக்கு அந்தப் பக்கம் நின்று, கடலும் வரவில்லை ஒன்றும் வரவில்லை, நானாகக் கட்டிவிட்ட கதை என்று மிஸ்ரியா தன் வாயால் சொல்ல வேண்டும். சொன்னால் நிகாஹுக்குத் தானே முன்வரிசையில் வந்து உட்காருவார். சொல்லாவிட்டால் ஜமாஅத் வராது. ஜமாஅத் வராத கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டாரும் வர மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியாததில்லை.

"ஆலிம்சா," என்றாள் மிஸ்ரியா, திரை கொஞ்சம் அசைந்தது. "நிகாஹுக்குப் புள்ளை பக்கம் பொறுப்பா நிக்க ஒரு வலி வேணும். சாட்சிக்கு ரெண்டு பேர் வேணும். மாப்பிள்ளை குடுக்கிற மஹர் வேணும். புள்ளையோட சம்மதம் வேணும். தலைவர் வேணும்னு எந்தக் கிதாபுலயாவது ஈக்கிதா?"

"எந்தக் கிதாபிலயும் இல்லம்மா," என்றார் ஆலிம்.

"கிதாபுல இல்லாட்டி என்ன? ஊர்ல ஈக்கிது," என்றார் ஹாஜியார்.

"கிதாபுல இல்லாம ஊர்ல மட்டும் ஈக்கிறதுக்குப் பேருதானே காக்கா, பித்அத்துன்னு நோட்டீஸ்ல போட்டிருந்தீஹ?"

ஹாஜியார் எழுந்துவிட்டார். ஆலிம் எழவில்லை. அவருக்கு மனதில் ஒன்று குடைந்துகொண்டிருந்தது. அவர் மெல்லக் கேட்டார்.

"நான் ஒண்ணு கேக்குறேம்மா. பீடை கழியும்னு நம்பிப் போறது தப்புன்னு சொன்னேன். நீங்களும் ஏத்துக்கிட்டு இலையை விட்டுட்டதா கேள்விப்பட்டேன். அப்புறம் எதுக்கும்மா அந்த நாள்?"

"சந்தோசத்துக்கு, ஆலிம்சா."

"சந்தோசம் ஹராமில்ல. ஆனா வருஷா வருஷம் ஒரு நாளைக் குறிச்சு வச்சுக்கிட்டுக் கொண்டாடுனா, நாளைக்கு அதுவும் மார்க்கம்னு பிள்ளைங்க நெனச்சிடும். அதுதான் என் பயம்."

"பயம் சரிதான். ஆனா நாளைக் குறிச்சது நாங்க இல்லையே. மத்த நாளெல்லாம் கதவு பூட்டி ஈக்கிது, தொறக்கிறது அன்னிக்கி ஒண்ணுதான். எல்லா நாளும் தொறந்து விடச் சொல்லுங்க, அந்தப் புதன்கிழமையை இப்பவே விட்டுடறேன்."

ஆலிம் தலையைக் குனிந்துகொண்டு, சலாம் சொல்லி எழுந்து போனார்.

பேச்சில் ஜெயித்ததெல்லாம் அந்தக் கதவு சாத்துகிற வரைக்கும்தான். இரவு இஷா தொழுகைக்கு முன்பே மாப்பிள்ளையின் உம்மா சவுதாவிடமிருந்து போன் வந்தது. "மச்சி, எங்க வீட்டு ஆம்பிளைஹ பயப்படுறாஹ. ஒரு வார்த்தைதானே, இல்லைன்னு சொல்லிட்டுப் போயேன். கடல் என்ன கோவிச்சுக்கவா போவுது?" என்று கெஞ்சினாள். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் ஃபாஹிமா நிற்கிறாள்.

"கடல் பெரிசா உம்மா, நான் பெரிசா?"

"ரெண்டையும் தராசுல வைக்கச் சொல்றது யாரு மவளே, நானா?"

"எனக்கு அதெல்லாம் தெரியாது. அவுஹ டிக்கெட் போட்டாச்சு."

மிஸ்ரியா மாவு பிசையப் போய்விட்டாள். இல்லை என்கிற சொல்லை வாய்க்குள் வைத்துப் பார்த்தாள். உப்புப் போடாத மாவு போல அது நாக்கில் ஒட்டிக்கொண்டது. ஆனாலும், மகளுக்காக எத்தனையோ விழுங்கியாயிற்று, இதையும் விழுங்கிவிடலாம் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் மிஸ்ரியா பின்கதவைத் திறந்தபோது ஃபாஹிமா முடுக்கில் நின்றுகொண்டிருந்தாள். கணுக்கால்வரை இருந்த கடல் விரல் நனையும் அளவுக்கு இறங்கியிருந்தது. நீலம் வெளுத்துப்போய், அரிசி களைந்த தண்ணீர் நிறம். ஒரு சாளை மீன் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. ஃபாஹிமா குனிந்து அதைக் கையில் எடுத்து, கொஞ்சம் ஆழமாக இருந்த மூலையில் விட்டாள்.

"உம்மா, இது வாடிப்போச்சு."

"வந்த இடத்துல எத்தனை நாளைக்குத்தான் ஈக்கும்? போறேன்னு சொல்லவும் அதுக்கு வெக்கம்."

"வந்த வழியாப் போவ வேண்டியதுதானே? கம்பிக்குள்ள நுழைஞ்சுதானே வந்துச்சு."

"வழியனுப்பாம எந்த விருந்தாளி போவான், மவளே?"

அது உண்மை. அந்த ஊரில் வந்தவர்களைக் கூடவே நடந்து போய் அவர்கள் வாசல்வரை விட்டுவிட்டு வருவார்கள். கதவடியிலேயே சலாம் சொல்லி அனுப்புவது விரட்டுவதற்குச் சமம். கிராதிக் கம்பிகளுக்கு இடையே கடல் போகும். பெண்கள் போக முடியாது. கடலின் வாசலுக்கு வேறு ஒரே ஒரு வழி, கடைத்தெரு. கடைத்தெருவில் பெண்கள் நடப்பதில்லை. கல்யாணம், மவுத்து என்றால் திரை போட்ட ஆட்டோவில் குறுக்கே கடப்பார்கள், அவ்வளவுதான்.

ஃபாஹிமா நீண்ட நேரம் காலை நனைத்துக்கொண்டு நின்றாள். பிறந்ததிலிருந்து அவள் கடலைப் பார்த்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அது அவளைத் தேடி வந்தது இதுதான் முதல்தடவை.

"மண்டபத்துக்கு நீ கடைத்தெரு வழியாத்தானே போவணும்?"

"ஆமா. ஆட்டோ சொல்லியிருக்கேன்."

"ஆட்டோ வேண்டாம்னு சொல்லிடு."

"ஏன் மவளே?"

"நடந்தே போவோம். இதையும் கூட்டிக்கிட்டு." காலைக் கடலை விட்டு எடுக்காமலே சொன்னாள். "இல்லைன்னு சொல்லி நீ எனக்குக் கல்யாணம் முடிச்சு வச்சா, அந்த மாடியறையில எனக்கு இதோட சத்தம் கேட்டுக்கிட்டே ஈக்கும். அவுஹளுக்கு வேணும்னா வரட்டும். வராட்டி டிக்கெட்டை அவுஹளே பாத்துக்கட்டும்."

மிஸ்ரியா மகளைப் பார்த்தாள். விழுங்கத் தயாராக வைத்திருந்த அந்தச் சொல்லை முடுக்கு ஓரமாகத் துப்பிவிட்டு உள்ளே போய்த் துப்பட்டியை எடுத்தாள்.

ஜும்ஆ முடிந்து ஆம்பிளைகள் பள்ளிவாசல் வளைவின் கீழும் டீக்கடைகளிலும் கூடி, மிஸ்ரியா மண்டபத்துக்கு வந்து என்ன சொல்லப்போகிறாள் என்று பேசிக்கொண்டிருந்த நேரத்தில், முடுக்கின் கடைத்தெரு முனையில் இருந்து ஒரு குரல் கேட்டது. அந்தத் தெரு அதுவரை கேட்டிராத குரல். அடிவயிற்றிலிருந்து, பாங்குச் சத்தம் எட்டுகிற தூரமெல்லாம் எட்டுகிற மாதிரி மிஸ்ரியா கொடுத்த குரல்.

"பொம்பளை வருது! ஒதுங்குங்க, பொம்பளை வருது!"

கடைத்தெரு ஒரு கணம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது. பிறகு, வளர்ப்பு மாறாத ஊர் அல்லவா, குரல் கொடுத்தால் ஒதுங்க வேண்டும் என்று கை கால்களுக்கே தெரிந்திருந்தது. டீ கிளாஸை வைத்துவிட்டுச் சிலர் கடைக்குள் போனார்கள். சிலர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார்கள். மளிகைக்கடைக்காரர் பாதி ஷட்டரை இறக்கினார். ஒருவர் மோட்டார் சைக்கிளை ஓரத்தில் சாய்த்துவிட்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார். பெண்கள் வந்தார்கள். முதலில் மிஸ்ரியாவும் ஃபாஹிமாவும், பிறகு அவர்கள் முடுக்கு, பிறகு அடுத்த முடுக்கு. சோற்றுத் தூக்கோடும் கைப்பிள்ளைகளோடும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டும் வந்தார்கள். அவர்கள் காலைச் சுற்றி, வெளுத்துப்போன அந்தக் கடல், தெருவில் நடந்து பழக்கமில்லாத பெண்ணைப் போல ஒட்டி ஒட்டி வந்தது. வர வர அதற்குத் தைரியம் பிடித்தது. நிறம் திரும்பியது. டீக்கடையைத் தாண்டும்போது அது கணுக்காலுக்கு ஏறிவிட்டது. சுவர்ப் பக்கம் திரும்பி நின்றவர்களின் கைலிக் கரைகளை அது போகிற போக்கில் ஒவ்வொன்றாகத் தொட்டுவிட்டுப் போயிற்று. தொட்டவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

பள்ளிவாசல் வளைவின் கீழே, தெருவுக்கு நடுவில், புஹாரி ஹாஜியார் மட்டும் ஒதுங்காமல் நின்றார்.

"மிஸ்ரியா, மண்டபத்துல வந்து சொல்லுன்னுதானே சொன்னேன்?"

"சொல்லத்தான் வந்தேன் காக்கா." மிஸ்ரியா கீழே காட்டினாள். "இதான் நான் சொல்றது."

அவர் கீழே பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க அவர் பட்ட பாடு அவர் கழுத்தில் தெரிந்தது. அப்போது பெண்களுக்குள்ளிருந்து சோற்றுத் தூக்கை இடுப்பில் வைத்தபடி ஒருத்தி முன்னே வந்தாள். ஹாஜியாரின் பெண்டாட்டி ஜுனைதா. முப்பது வருஷமாக ஊருக்கு அவள் குரல் என்னவென்றே தெரியாது.

"குரல் குடுத்தாச்சுல்ல? ஒதுங்குங்க," என்றாள். "காலைல நீங்க ருசிச்சுத் தின்ன சாளை எங்கேருந்து வந்துச்சுன்னு நெனச்சீஹ?"

ஹாஜியார் ஒதுங்கினார். கோபத்தில்தான் ஒதுங்கினார், ஆனாலும் ஒதுங்கினார். பள்ளிவாசல் படியில் நின்ற ஷம்சுத்தீன் ஆலிம் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்து, காலைக் கடலுக்குள் வைத்து, அது கடந்து போகிறவரை அப்படியே நின்றார்.

கரைக்குப் போனதும் அந்தக் கடல் தன் கடலோடு ஓடிப் போய்ச் சேர்ந்துகொண்டது. பெண்கள் பொழுது சாய்ந்து மஃரிபுவரை இருந்தார்கள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை, ஸஃபர் முடிந்து நாளாகிவிட்டது, எந்தப் பெருநாளும் இல்லை, எந்தப் பீடையும் இல்லை, கழுவிக் குடிக்க ஒரு இலையும் இல்லை. சோறு இருந்தது, மீன் இருந்தது, நனைந்த துப்பட்டிகள் காற்றில் படபடத்தன. மணலிலேயே தொழுதுவிட்டுத்தான் எழுந்தார்கள்.

நிகாஹுக்கு ஜமாஅத் வரவில்லை. ஹாஜியார் வரவில்லை. ஃபாஹிமாவின் சாச்சா, வாப்பாவின் தம்பி, வலியாக நின்றார், ஆலிம் குத்பா ஓதினார், சாட்சிக்கு இரண்டு பேர் கேட்டபோது டீக்கடைப் பெஞ்சு மொத்தமும் எழுந்து நின்றது. மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். சவுதா எல்லோருக்கும் முன்னால் வந்து மிஸ்ரியாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். பெரிய சஹன் தட்டுகளைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்ட ஆம்பிளைகளில் பாதிப் பேரின் கைலிக் கரையில் உப்புப் பூத்திருந்தது. எத்தனை முறை துவைத்தும் அது போகவில்லையாம்.

அடுத்த வருஷம் ஸஃபர் பிறந்ததும் நோட்டீஸ் மறுபடியும் ஒட்டப்பட்டது. ஒடுக்கத்துப் புதனன்று காலையிலேயே புஹாரி ஹாஜியார், சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, கிராதிக் கதவுக்குக் கடல் பக்கமாக ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். எவள் வருகிறாள் பார்ப்போம் என்று உட்கார்ந்தார். ஒருத்தியும் வரவில்லை. மிஸ்ரியா வீட்டில் இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். ஆலிமிடம் கொடுத்த வாக்குப்படி அந்தப் புதன்கிழமையை அவள் விட்டுவிட்டிருந்தாள், ஊரும் விட்டுவிட்டிருந்தது. பொழுது சாய, அலை நாற்காலிக் கால்வரை வந்து, அவரை மட்டும் பார்த்துவிட்டு, திரும்பிப் போயிற்று.

வியாழக்கிழமை அஸருக்கு முன்னால் டீக்கடைக்காரர் அடுப்பைத் தணித்து, பெஞ்சை உள்ளே இழுத்துப் போட்டார். ஒருவர் மோட்டார் சைக்கிளை ஓரமாகத் தள்ளினார். மளிகைக்கடைக்காரர் ஷட்டரில் கை வைத்தபடி முடுக்கு முனையைப் பார்த்துக்கொண்டு நின்றார். திங்கட்கிழமை நடந்ததுதான், அதற்கு முந்தின சனிக்கிழமையும் நடந்ததுதான்; இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் காது கொஞ்சம் விறைத்துக்கொள்ளத்தான் செய்தது.

"பொம்பளை வருது!"

இந்தத் தடவை குரல் ஃபாஹிமாவுடையது. தோளில் பச்சைப்பிள்ளை.